முன்னால் நடப்பவர் திருகும் வளையம்

அத்தை வீட்டுக்கு வந்த முதல் காலை, காபி போடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். கேஸ் லைட்டர் எங்கும் கண்ணில் படவில்லை. என் பையில் ஒன்று இருந்தது. எடுத்து வந்து டக், டக் என்று அழுத்தினேன். அடுத்த அறையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அத்தை வாசற்படியில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"அதை உள்ள வை."

"அத்தை, லைட்டர்தான்..."

"லைட்டர்னு எனக்குத் தெரியாதா? இந்த வீட்ல தீப்பெட்டிதான். மேல் தட்டுல இருக்கு."

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவள் நான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிறுக்குத்தனம் இருக்கும் என்று பழகியிருந்தேன். பேசாமல் தீக்குச்சியை உரசினேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. நல்ல உயரம், ஆண்பிள்ளை போல் அகன்ற கைகள். திராட்சைத் தோட்டத்தின் பேக்கிங் ஷெட்டில் பழக்குலைகளைக் கத்தரித்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. ஷெட்டில் எல்லாரும் அவளை 'குறி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கு ஏன் அந்தப் பெயர் என்று தெரியாது. பழையவர்கள் சொல்வதில்லை.

ஒரு காலத்தில் அந்தத் தோட்டத்தில் பறவைகளைச் சுடுவது அவள்தான். பழம் இனிக்கத் தொடங்கியதும் மைனாக்கள் கூட்டம் கூட்டமாக இறங்கும். ஒரு வரிசையில் உட்கார்ந்தால் எழும்போது காம்புதான் மிச்சம். முதலில் அந்த வேலைக்கு வைக்கப்பட்டவர் மாமா. ஆனால் மாமாவின் குறி ஊர் சிரித்த குறி. யானை எதிரில் வந்து நின்றாலும் குண்டு பக்கத்து மரத்தில்தான் படும் என்பார்கள். ஒருநாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன அத்தை, "கொடுங்க இங்க, நானும்தான் சுட்டுப் பாக்கறேன்" என்று விளையாட்டாக வாங்கிச் சுட்டாள். பறந்துகொண்டிருந்த மைனா சொத்தென்று விழுந்தது. மாமா பொறாமைப்படவில்லை. அன்று சாயங்காலமே முதலாளியிடம் போய், "சுடறது அவ, விரட்டறது நான். சம்பளத்தை ரெண்டாப் பிரிச்சுக் கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். துப்பாக்கி லைசென்ஸ் அத்தையின் பெயருக்கு மாறியது.

வேலை இப்படித்தான். மாமா கொடி வரிசைக்குள் கைதட்டிக்கொண்டே நடப்பார். மைனாக்கள் எழும். வரிசையின் கோடியில் நிற்கும் அத்தை, அவர் தலைக்கு மேலே, சற்று ஒதுங்கிச் சுடுவாள். அந்தத் துப்பாக்கியில் ஒற்றைக் குண்டு கிடையாது. ஒரு தோட்டாவுக்குள் கைநிறைய ஈய மணிகள். குழலை விட்டு வெளியே வந்ததும் அவை விரிந்துகொண்டே போகும். எவ்வளவு விரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது குழலின் வாயில் இருக்கும் சோக். மோட்டார் சைக்கிளில் இருக்கும் சோக் வேறு, இது வேறு. இது கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு தடித்த வளையம். ஒரு பக்கம் திருகினால் குழலின் வாய் குறுகும். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் தூரம் போகும். மறுபக்கம் திருகினால் வாய் அகலும். மணிகள் கிட்டத்திலேயே வலை வீசினது போல் விரியும். வளையத்தின் மேல் கோடுகள் உண்டு, எந்தக் கோடு எதற்கு என்று. ஒவ்வொரு கோட்டிலும் 'டக்' என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் எந்தப் பக்கம் திருகினாலும் ஒன்றுதான்.

ஆள் வரிசைக்குள் இருக்கும்போது வளையம் இறுக்கமாக இருக்க வேண்டும். விரிந்த அடியின் ஓரத்து மணி எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் மாமா ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். முன்னால் போகிறவர்தான் வளையத்தைத் திருக வேண்டும். சுடுகிறவர் தொடக் கூடாது.

"உன் கை நல்ல கைதாண்டி. ஆனா உசுரு என்னோடது. என் உசுரை நானே பூட்டிக்கறேன்" என்பாராம்.

தினம் காலையில் தோட்டா போடாத துப்பாக்கியை மடியில் வைத்துத் திருகிவிட்டு, "இறுக்கியாச்சு" என்று நீட்டுவார். "சரி" என்று அத்தை வாங்கிக்கொள்வாள். மற்ற வீடுகளில் போயிட்டு வரேன் என்று சொல்வது மாதிரி அவர்களுக்கு அது. சாயங்காலம் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பது மட்டும் அத்தையின் வேலை. எண்ணெய் பட்டால் சட்டை பாழாகிவிடும் என்று மாமா அந்தப் பக்கமே வரமாட்டார். சட்டை விஷயத்தில் அவர் மாப்பிள்ளைதான் கடைசி வரை.

மாமா இறந்தபோது நான் வேறொரு கண்டத்தில், ஒரு பஸ் நிலையத்தில், உடைந்த போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றிருந்தேன். கழுத்தில் ஒரே ஒரு ஈய மணி, வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது என்றார் அப்பா. போலீஸில் விபத்து என்று எழுதி முடித்தார்கள். துப்பாக்கி பல கைகள் மாறி, பல பேர் திருகிப் பார்த்து, மாதக்கணக்கில் எங்கோ கிடந்து, வீட்டுக்குத் திரும்பி வந்தது. அத்தை அதைப் போர்வையில் சுற்றி பீரோ மேல் போட்டாள். ஷெட்டுக்கு வேலை மாற்றிக்கொண்டாள். தோட்டத்துக்கு வலை வாங்கிப் போர்த்தினார்கள்.

நான் அத்தை வீட்டுக்கு வந்து சில நாளிலேயே ஒரு சத்தம் கேட்டது. விடியும் நேரம், ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். முன்னறையிலிருந்து டக் என்று ஒரு சத்தம். சற்று விட்டு இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஏதோ ஒன்றை யாரோ நிதானமாகத் திருகுவது போல. எழுந்து போய்ப் பார்த்தேன். குழாய் சொட்டவில்லை. கடிகாரம் எப்போதோ நின்று போயிருந்தது. தகரக் கூரையாக இருக்கும் என்று திரும்பிப் படுத்தேன்.

"உனக்கும் கேக்குதா?"

அத்தை படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். அவள் குரலில் பயம் இல்லை. நெடுநாள் தனியாக வரிசையில் நின்றவளுக்குப் பின்னால் இன்னொரு ஆள் வந்து நின்றாற்போல் ஒரு ஆறுதல்.

"கூரையா இருக்கும் அத்தை."

"நானும் கூரைன்னுதான் நினைச்சேன். ஓட்டையெல்லாம் மாத்திப் புதுத் தகரம் போட்டேன்" என்றாள்.

அந்த வருஷம் ஆலங்கட்டி மழை வலைகளைக் கந்தல் கந்தலாக்கிவிட்டது. புது வலை வருவதற்குள் பழம் போய்விடும். சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று நெளிந்தார்.

"குறி அக்கா, கேக்கறதுக்கே நாக்கு கூசுது..."

"கூசினா கேக்காத."

"இந்த ஒரு சீசன்க்கா. வெளியாளைக் கூப்பிட்டோம். மைனாவைத் தவிர மத்த எல்லாத்தையும் சுட்டான். தண்ணித் தொட்டியில ஓட்டை."

அத்தை சிரித்துவிட்டாள். நான் வந்த பிறகு அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: "வரேன். ஆனா அந்த வளையத்தோட வரமாட்டேன். திருகவே வேண்டாத ஒண்ணை மாட்டிட்டு வரேன்."

அதற்காகத்தான் மறுநாள் அப்பாவின் பழைய வேனை ஓட்டிக்கொண்டு துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடம் போனோம். துப்பாக்கி அதே போர்வையில், பின் சீட்டில், உடம்பு சரியில்லாத பிள்ளை மாதிரி படுத்திருந்தது. பாதி வழியில் அத்தை பேசத் தொடங்கினாள். என்னைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்துப் பேசினாள்.

"முந்தின நாள் சாயங்காலம் எங்களுக்குள்ள சண்டை. எதுக்குன்னு கேக்காத, வெளிய சொன்னா சிரிப்ப. நான் நாக்குல நரம்பில்லாம பேசிட்டேன். அவரு கத்தவே இல்லை. 'நான் ஒரேயடியாப் போயிட்டா உனக்கு நிம்மதிதானே'ன்னாரு. நானும் 'ஆமாம், போங்க'ன்னுட்டேன். அவரு எழுந்து வெளிய போனாரு. எனக்கு ஆத்திரம். அவரோட ஊதாச் சட்டை ஒண்ணு உண்டு, விசேஷத்துக்குப் போடறது. அதைக் கிழிச்சு, அந்தத் துணியாலயே துப்பாக்கியைக் கழட்டித் துடைச்சேன். வரட்டும், பாக்கட்டும்னு. பாத்தாரு. ஒண்ணும் சொல்லலை."

"அப்புறம்?"

"காலையில பேச்சு இல்லை. மடியில வெச்சுத் திருகினாரு. டக்கு டக்குன்னு கேட்டுச்சு. நீட்டினாரு. 'இறுக்கியாச்சு'ன்னு சொல்லலை. நானும் வளையத்தைப் பாக்கலை. பாத்தா பேசின மாதிரி ஆயிடும்னு ஒரு வீம்பு. அன்னிக்கு மைனா கொத்துக் கொத்தா விழுந்துச்சுடி. கோவத்துலகூட என் கை எப்படி இருக்கு பாருன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் ஒரு வெடி. அவரு கைதட்டறது நின்னுச்சு."

வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"அவரு எந்தப் பக்கம் திருகினாரு? அதான் எனக்குத் தெரியணும். இறுக்கிக் கொடுத்து, அது லூசாகித் தானா நகந்துடுச்சா? இல்லை... தெரிஞ்சேதான் அகலமா வெச்சுக் கொடுத்துட்டு உள்ள போனாரா? என் கையாலயே சாகணும்னு நினைச்சாரா?"

"அத்தை, மாமா அப்படிப்பட்ட ஆளா?"

"பதில் தெரிஞ்சா நான் ஏன் தீப்பெட்டி வாங்கறேன்?"

ரிப்பேர்க்காரரின் பட்டறை ஊருக்கு வெளியே, கைவிட்ட கல்குவாரியின் ஓரத்தில் இருந்தது. அவருக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது. அதனால் உலகத்துக்கே கேட்காது என்பது போல் கத்திப் பேசுவார். வயிறு மேசையின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தது.

"சோக் மாத்தணுமா? என்ன வேணும்க்கா? குழாய் குழாயா தனித்தனி செட்டு இருக்கு. தூரத்துக்கு ஒண்ணு, கிட்டத்துக்கு ஒண்ணு. வேணுங்கறதை சாவி போட்டு முடுக்கிக்கலாம். ஒரு குழாயைப் போட்டா போட்டதுதான், நகராது. ஆனா திராட்சைக்குச் சொல்றேன், அதுல ஒரு தொல்லை. மைனா ஒருதரம் மூக்குக்கு முன்னால எழும், ஒருதரம் அந்தக் கோடியில எழும். நீங்க சாவியைத் தேடி எடுக்கறதுக்குள்ள அது பழம் தின்னு பல் குத்திட்டுப் போயிடும். அதுக்குத் திருகற வளையம்தான் லாயக்கு. எங்க, பழசைக் காட்டுங்க."

போர்வையைப் பிரித்ததும் விசில் அடித்தார். "அடேயப்பா, இது நல்ல சரக்காச்சே! இதை எதுக்கு மாத்தறீங்க?"

"அது லூசு" என்றாள் அத்தை. சொல்லவில்லை, கெஞ்சினாள். "சுடச்சுடத் தானா நகருது."

அவர் வளையத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். விரலில் எண்ணெய் தடவித் திருகினார். டக். டக். டக். அத்தை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் விரல்கள் வெளுத்தன.

"லூசா? கல்லு மாதிரி நிக்குது. இது நகராதுக்கா."

 அத்தைக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. வளையம் தானாக நகரவில்லை. அப்படியானால் மாமாவின் கைதான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் சுவரில் தொங்கிய ரம்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொல்றதை நம்பாட்டி காகிதம் சொல்லும், வாங்க" என்று அவர் குவாரிப் பக்கம் நடந்தார்.

சுவர் போல் நின்ற பாறைக்கு முன்னால் ஒரு மரச்சட்டம். அதில் போஸ்டர் அளவு பழுப்புக் காகிதத்தைக் குத்தினார். நடுவில் கரியால் ஒரு புள்ளி. சோக்கைச் சோதிக்க வேறு வழி கிடையாது. காகிதத்தில் சுட்டு, ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்க்க வேண்டும். வளையத்தை இறுக்கத்துக்கான கோட்டில் நிறுத்தி எங்களுக்குக் காட்டினார். பின்வாங்கி வந்து நின்று, தோட்டாவைப் போட்டுச் சுட்டார்.

நாங்கள் மூவரும் காகிதத்தின் அருகே போனோம். அவர் சத்தமாக ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, "மன்னிச்சுக்குங்க" என்றார்.

புள்ளியைச் சுற்றி நெருங்கியிருக்க வேண்டிய ஓட்டைகள் காகிதம் முழுக்க இறைந்து கிடந்தன. ஓரத்தில் சில, மரச்சட்டத்தையே துளைத்திருந்தன.

"மார்க் இறுக்கம்னு காட்டுது. அடி அகலமா விழுதே! வளையம் நகரவும் இல்லை, பாருங்க, கோடு அப்படியே நிக்குது." தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, துப்பாக்கியைத் தூக்கியபடி பட்டறைக்குள் ஓடினார். அந்த வயிறு அவ்வளவு வேகமாகப் போகும் என்று நான் நினைக்கவில்லை.

மேசையோரத்து இரும்புப் பிடியில் குழலை இறுக்கி, வளையத்தை முழுதாகக் கழற்றத் தொடங்கினார். லேசில் வரவில்லை. "எண்ணெய் காஞ்சு பிசினாட்டம் ஆயிருக்கு. இதைக் கழட்டியே வருஷக்கணக்காச்சு. வெளியில இருக்கறவன் சும்மா அப்படி இப்படித் திருகியிருப்பான், முழுசா யாரும் கழட்டலை." கடைசியில் வளையம் கையோடு வந்தது. விளக்கின் கீழ் அதன் உள்பக்கத்துத் திருகுமரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஹா" என்றார். சாமணத்தை எடுத்து, மரையின் உள் கோடியிலிருந்து எதையோ மெல்ல உருவினார்.

நூல். சுருண்டு, எண்ணெயில் கறுத்து. துணியில் வைத்துத் தேய்த்தார். ஊதா நிறம் தெரிந்தது.

"இதான் விஷயம். யாரோ துடைச்சிட்டு மாட்டும்போது நூல் உள்ள சிக்கிக்கிச்சு. முட்டினதும், சரி, முடிஞ்சுதுன்னு விட்டுட்டாங்க. முழுசா ஒரு சுத்து பாக்கி. ஒரு சுத்துன்னா மார்க் மறுபடி அதே இடத்துக்குத்தானே வரும்? மேல பாத்தா எல்லாம் சரியா இருக்கும். இறுக்கம்னு நினைச்சு வெச்சா, உள்ள அகலமா இருக்கும்."

அத்தை அந்த நூலை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள்.

"திருகினவருக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். அவருக்குக் கேட்கவில்லை. கிட்டப் போய், நல்ல காதில் மறுபடி கேட்டாள். "கோட்டைப் பாத்துத் திருகினவருக்கு?"

"எப்படிக்கா தெரியும்? அவரு பாட்டுக்கு மார்க்கைப் பாத்து இறுக்கியிருப்பாரு. தப்பு திருகினவர் மேல இல்லை, துடைச்சு மாட்டினவன் மேல. யாரு அந்தப் புண்ணியவான்?"

"நான்தான்."

அவர் சாமணத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் அத்தையைத் தாங்கிப் பிடிக்கப் போனேன். ஆனால் அவள் சாயவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, நூலை விரலில் சுற்றிக்கொண்டு, சன்னமாகச் சொன்னாள்:

"இறுக்கித்தான் கொடுத்திருக்காரு. பேசாட்டியும் இறுக்கித்தான் கொடுத்திருக்காரு."

"அத்தை..."

"நான்தாண்டி கொன்னேன். தெரியும். அதை நான் சுமந்துக்கறேன். அவரு போகணும்னு போகலை. சாயங்காலம் வீட்டுக்கு வரணும்னுதான் உள்ள போயிருக்காரு." அழுதாள். தலையில் தூக்கிவந்த மூட்டையை இறக்கிவிட்டு, அதைவிடக் கனமான வேறொன்றைத் தானே விரும்பித் தூக்கிக்கொண்டவள் போல் இருந்தாள்.

ரிப்பேர்க்காரர் ரொம்ப நேரம் ஒரு துணியால் சுத்தமான மேசையைத் துடைத்தார். பிறகு தன் குரலை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, அதாவது சாதாரண மனிதர்கள் கத்துகிற அளவுக்கு, "அப்போ குழாய் செட்டே போட்டுடலாமாக்கா?" என்றார்.

"வேண்டாம். இதையே சரியா மாட்டிக் கொடுங்க."

மரையைக் கழுவி, வளையம் முட்டும் வரை ஏற்றி, எங்கே நிற்க வேண்டும் என்று குழலிலும் வளையத்திலும் சேர்த்து ஒரு கீறல் போட்டுக் கொடுத்தார். இனிமேல் கழற்றினால் கீறலோடு கீறல் சேர்ந்தால் மட்டும் போதாது, காகிதத்தில் சுட்டுப் பார்க்காமல் வரிசைப் பக்கமே போகக் கூடாது என்றார். புதுக் காகிதத்தில் சுட்டுக் காட்டினார். நடுவில் ஒரு தட்டளவுக்கு நெருங்கிய ஓட்டைகள். சுற்றிலும் வெறும் பழுப்பு. அத்தை அந்த வெறும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அங்கே ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம்.

திரும்பும் வழியில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கினாள்.

மறுநாள் விடியும்போது சத்தம் கேட்டது. நின்றுவிடும் என்று எதிர்பார்த்திருந்தேன், நிற்கவில்லை. டக். டக். டக். நான் அத்தையின் பக்கம் திரும்பினேன்.

"இறுக்கறாரு" என்று முணுமுணுத்துவிட்டு, அவள் போர்வையை இழுத்துக்கொண்டு புரண்டு படுத்தாள்.

அந்த சீசனுக்கு விரட்டுகிற ஆள் நான்தான். சூப்பர்வைசர் வேறு யாரையோ பார்ப்பதாகச் சொன்னார். அத்தை, "காலைக் கட்டிப்போட்டா இவ மறுபடி எங்கயாவது ஓடிடுவா. வரிசைக்குள்ள நடக்கட்டும்" என்றாள். என்னை நேராகப் பார்த்து, "பயமா இருந்தா இப்பவே சொல்லு" என்றும் கேட்டாள். இருந்தது. சொல்லவில்லை.

முதல் நாள் காலை. இலைகளில் பனி. வேலி ஓரம் ஒரு காகிதத்தில் சுட்டுப் பார்த்தோம். ஓட்டைகள் நெருங்கி விழுந்தன. பிறகு அத்தை தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை என் மடியில் வைத்தாள். முன்னால் போகிறவள் நான். வளையத்தை அகலமாகத் திறந்து, மறுபடி இறுக்கத்துக்குக் கொண்டுவந்தேன். சில்லென்ற இரும்பு, ஒவ்வொரு கோட்டிலும் ஒரு டக். கீறல்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன.

"இறுக்கியாச்சு" என்றேன்.

"காட்டு."

காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். விரலால் கீறலைத் தடவினாள். அப்புறம்தான், "சரி" என்றாள். அந்த ஒரு சொல் எவ்வளவு நாள் அவள் தொண்டையில் நின்றிருந்ததோ, கரகரவென்று வந்தது.

நான் வரிசைக்குள் நுழைந்தேன். இரண்டு பக்கமும் கொடிகள் தோள் உயரம். கைதட்டத் தொடங்கினேன். முதுகு முழுக்க ஒரு கூச்சம். ஆனால் அதைவிட வேறொன்று என்னை நிறுத்தியது. எனக்கு முன்னால், சற்றுத் தூரத்தில், காற்றே இல்லாத அந்தக் காலையில் கொடியிலைகள் விலகுவதும் மூடுவதுமாக இருந்தன. யாரோ ஒருவர் பழகிய நடையில், அவசரமில்லாமல் போய்க்கொண்டிருப்பது போல.

திரும்பிப் பார்த்தேன். கோடியில் அத்தை துப்பாக்கியை இன்னும் தூக்கவில்லை. அவள் பார்வை என்மேல் இல்லை. என்னைத் தாண்டி, அந்த இலைகளின் மேல் இருந்தது.

"ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுக்குங்க" என்று கத்தினாள்.

குனிந்தேன்.

மைனாக்கள் எழுந்தன.